ஐபி முகவரி: தொடக்கநிலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி வலையமைப்பைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் பலர், வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியின் நான்கு எண்களை மட்டும் கவனித்துவிட்டு, அதனுடன் வரும் சப்நெட் மாஸ்க்கைக் கட்டத்தை நிரப்புவதற்கான ஓர் எண்ணாகவே கருதிவிடுகிறார்கள். ஏனைய குழப்பங்களில் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஐபி பதிப்பு 4 முகவரி 32 பிட்டுகளை (0 அல்லது 1 ஆன இரும இலக்கங்களை) கொண்டது. அவற்றில் எத்தனை பிட்டுகள் வலையமைப்பையும், எத்தனை பிட்டுகள் அதிலுள்ள கருவியையும் குறிக்கின்றன என்பதை மாஸ்க்தான் வரையறுக்கிறது.

192.168.1.70, 192.168.1.130 ஆகிய முகவரிகளை எடுத்துக்கொள்வோம். மாஸ்க் 255.255.255.0 எனில் இரண்டும் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை. அது 255.255.255.192 ஆக இருந்தாலோ, ஒவ்வொரு வலையமைப்புக்கும் 64 முகவரிகளே உண்டு என்பதால், முதலாவது 64 முதல் 127 வரையிலும், இரண்டாவது 128 முதல் 191 வரையிலும் அமைந்த வெவ்வேறு பிரிவுகளுக்கு உரியவையாகிவிடும். இடையில் ரவுட்டர் தேவைப்படும். முதல் மூன்று எண்கள் ஒத்திருந்தாலே ஒரே வலையமைப்பு என்று முடிவு செய்வது, 1993இல், வலையமைப்பின் அளவை முகவரியின் தொடக்க எண்ணுக்குப் பதிலாக மாஸ்க்கைக் கொண்டு வரையறுக்கும் வகுப்பற்ற முகவரி முறை வந்தபோதே கைவிட்டிருக்க வேண்டிய பழக்கம். இரு கணினிகளுக்கும் வெவ்வேறு மாஸ்க்குகளை அளித்துவிட்டால், ஒன்று நேரடியாக அனுப்ப முயலும், மற்றொன்று பதிலை ரவுட்டரிடம் ஒப்படைக்கும். இணைப்பு சில வேளைகளில் மட்டும் செயல்படக்கூடும் என்பதால், இந்தப் பிழையைக் கண்டறிவது மிகக் கடினம். முகவரியையும் மாஸ்க்கையும் இரும எண்களாகக் கையால் எழுதிப் பழகுவதைவிடச் சிறந்த பயிற்சி இதற்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. அப்படி எழுதும்போது, பிரிவின் முதல் முகவரி வலையமைப்புக்கும் கடைசி முகவரி பிராட்காஸ்டுக்கும் (பிரிவிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்புவதற்கும்) உரியவை என்பதும், 64 முகவரிகளில் கருவிகளுக்கு 62 மட்டுமே எஞ்சும் என்பதும் தெளிவாகும்.

இன்னொரு தவறும் உண்டு: 172இல் தொடங்கும் எல்லா முகவரிகளும் தனிப்பயன் முகவரிகள் (வீடு, அலுவலகம் போன்றவற்றின் உள் வலையமைப்புக்கு மட்டும் உரியவை) அல்ல, 172.16 முதல் 172.31 வரை மட்டுமே அவ்வாறு ஒதுக்கப்பட்டுள்ளன.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், சேவை நிறுவனம் தந்த ரவுட்டரின் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றையும் இணைப்பவர்கள், இரண்டையும் 192.168.1.1 என்ற முகவரியிலேயே விட்டுவிடக் கூடாது. வைஃபை பரப்பை விரிவாக்குவது மட்டுமே நோக்கம் என்றால், இரண்டாவதை, வைஃபை இணைப்பை மட்டும் வழங்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுவதே நல்லது. தேக்காவில் உள்ள ஒரு சிறு கடையில் பிரிண்டருக்கு நிலையான முகவரி அளிக்க விரும்பினால், அது, கருவிகளுக்கு முகவரி தரும் டிஎச்சிபி சேவை தானாக வழங்கும் எண்வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையேல் அதே முகவரி ஒரு கைப்பேசிக்கும் வழங்கப்பட்டு, அச்சிடுதல் திடீரென நின்றுபோகலாம்.

கணினியில் 169.254 எனத் தொடங்கும் முகவரி மட்டுமே தோன்றினால், பெரும்பாலும் டிஎச்சிபியிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். இணையச் சேவை நிறுவனத்தைத் தொடர்புகொள்வதற்கு முன், கேபிளையும் வீட்டு ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பையும் சரிபார்க்க வேண்டும்.