கோடையில் உயர்மலை ஏரிக்கு ஒருநாள் நடை

முதலில் நேரக் கணக்கு. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. போக வர 12 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். இது நிற்காமல் நடப்பவருக்கு. ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது சேர்த்து ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடியும்போதே கிளம்ப வேண்டும். வெயிலில் சூடேறிய காற்று சரிவுகளில் மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். ஏரிக்கரையில் ஒதுங்கப் பாதுகாப்பான இடம் இருக்காது. எனவே திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புங்கள். பனி உருகி வரும் ஓடைகளும் அப்படித்தான்: காலையில் கணுக்கால் அளவு ஓடியது மாலையில் முழங்காலைத் தொடலாம்.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது, குளிர் ஏறும். மழைக்கோட்டு, தொப்பி, தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர். ஏரி நீர் பளிங்காகத் தெரிந்தாலும் கிருமி இருக்கும். கிருமியைத் தடுக்கும் வடிகட்டியில் வடிகட்டுங்கள், அல்லது 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். நீரில் குதிக்கவே குதிக்காதீர்கள். திடீர்க் குளிரில் மூச்சு வாங்கும்போது தண்ணீர் உள்ளே போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே ஆபத்துதான்.