மலிவு விலை டூல்ஸ்: எதை வாங்கலாம், எங்கே ஏமாறுகிறோம்

என்னிடம் ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. மேலே பெரிதாக 108 என்று போட்டிருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் தள்ளுபடிக் கடை ஒன்றில் வாங்கிய, போல்ட் கழற்றும் சாக்கெட் செட். 108 என்று பார்த்ததும் மனசு இளகிவிட்டது. அர்ச்சனைக்கே அதுதானே கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கியின் ஆல்டர்னேட்டர் போல்ட்டைக் கழற்றப் போனேன். பக்கி என்றால் சிறிய பிக்கப் வண்டி, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 13 மி.மீ. சாக்கெட்டை மாட்டி ஓர் அழுத்து அழுத்தியதும் 'டக்' என்றது. போல்ட் இளகிவிட்டது என்று நினைத்து எடுத்துப் பார்த்தால், சாக்கெட் பக்கவாட்டில் பிளந்திருந்தது. போல்ட் தலையின் மூலைகளும் மழுங்கிப்போயிருந்தன.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதில் மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார் போல. உள்ளே போய் கறுத்துப்போன ஒரு சாக்கெட்டைக் கொண்டுவந்தார். கெடோர் கம்பெனியுடையது. டர்பன் பக்கத்திலேயே நியூ ஜெர்மனி என்ற ஊரில் தயாரானது, என்னைவிட வயதில் மூத்தது. மழுங்கிய போல்ட் அதற்கு மசிந்தது. அப்புறம் என் நீலப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த நூத்தெட்டுல நீ தொட்டது எத்தனை தம்பி?"

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்கிற தவறு. அந்த 108-இல் பாதிக்கு மேல் விரல் நுனி அளவு பிட்டுகள். ஆலன் கீ, இணைப்புத் துண்டு எல்லாம் தனித்தனியாக எண்ணிச் சேர்த்த கணக்கு அது. டொயோட்டா வைத்திருப்பவருக்கு 10, 12, 14 மூன்றும் முக்கால்வாசி வேலையை முடிக்கும். ஃபோக்ஸ்வாகன் என்றால் 10, 13, 16. செட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் இந்த நாலைந்து அளவையும் நல்ல கம்பெனியில் தனித்தனியாக வாங்கிவிடலாம். வாங்கும்போது சாக்கெட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஆறு மூலை இருந்தால் போல்ட்டின் தட்டையான பக்கத்தைப் பிடிக்கும். பன்னிரண்டு மூலை மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் மூலைக்குப் பக்கத்திலேயே பிடிப்பதால் துருப்பிடித்த போல்ட்டில் வழுக்கும். இரும்பும் மட்டம், மூலையும் பன்னிரண்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

பக்கவாட்டில் 'குரோம் வனேடியம்' என்று அச்சு குத்தியிருப்பதை நம்பி வாங்குவது அடுத்த தவறு. அது எஃகில் கலக்கும் உலோகத்தின் பெயர். குரோமும் வனேடியமும் கலந்தால் மட்டும் போதாது, சரியான சூட்டில் பதப்படுத்தவும் வேண்டும். பதம் தப்பினால் ஒன்று மாவாக விரியும், இல்லையென்றால் கண்ணாடி மாதிரி பிளக்கும். எழுத்தைக் குத்துவதற்கு என்ன செலவு? பிளந்துபோன என் சாக்கெட்டிலும் அந்த எழுத்து இருந்தது.

அன்றிலிருந்து தள்ளுபடிக் கடையில் எதைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். இது வேலைக்கு நடுவில் உடைந்தால் என்ன போகும்? பத்து நிமிஷம் போகுமா, போல்ட் போகுமா, விரல் போகுமா?

பத்து நிமிஷம்தான் போகும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். சிமெண்ட் கலக்கும் வாளி, பெயிண்ட் சுரண்டும் பட்டை, சிலிக்கான் பிதுக்கும் துப்பாக்கி, பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், கறுப்பு கேபிள் டை. கேபிள் டையில் வெள்ளையை வெயிலில் கட்டாதீர்கள், இந்த ஊர் வெயிலுக்கு நொறுங்கிவிடும். இவற்றுக்கெல்லாம் பெரிய கடையில் மூன்று மடங்கு விலை கொடுப்பதும் ஒரு தவறுதான், அதை யாரும் தவறு என்று சொல்வதில்லை. பெயிண்ட் பிரஷ் மட்டும் பாதிக்குப் பாதி. பிசின் தடவ, துரு மேல் பிரைமர் அடிக்க மலிவு போதும். கதவுக்குக் கடைசிப் பூச்சு அடிக்கும்போது முடி உதிர்ந்து ஒட்டிக்கொண்டால், எடுத்து எடுத்தே பொழுது போய்விடும்.

ரசமட்டமும் அளவு டேப்பும் மலிவிலேயே வாங்கலாம், ஆனால் கடையிலேயே சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும். ரசமட்டத்தை அலமாரித் தட்டின் மேல் வையுங்கள். குமிழி எங்கே நிற்கிறது என்று கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். தட்டு கோணலாக இருந்தாலும் கவலை இல்லை. பிறகு இடது முனை வலது பக்கம் வருகிற மாதிரி மட்டத்தைத் திருப்பி, அதே இடத்தில் வையுங்கள். குமிழி முதலில் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நின்றதோ, இப்போதும் உங்கள் கண்ணுக்கு அதே பக்கம் அதே அளவு தள்ளி நின்றால் மட்டம் சரி. இடம் மாறினால் மட்டத்திலேயே கோளாறு, கீழே வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை ஒரே கொக்கியில் தொங்கிய ஐந்தை இப்படிப் பார்த்தேன். இரண்டு தேறியது. அந்த இரண்டில் ஒன்றை வைத்துத்தான் எங்கள் வீட்டுச் சமையலறை டைல் போட்டது.

டேப்பில் பலரும் ஏமாறுவது நேர்மாறாக. நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறது என்று நல்ல டேப்பையே ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. வெளிமுனையில் மாட்டி இழுத்தால் கொக்கி தன் தடிமன் அளவு வெளியே வரும், சுவரில் முட்டினால் அதே அளவு உள்ளே போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தத் தடிமனைவிட அதிகமாக ஆடினால்தான் தப்பு.

முனையில்தான் காசு

வெட்டுவது, துளைப்பது, திருகுவது எல்லாவற்றுக்கும் முனைதான் முக்கியம். எஃகு மட்டம் என்றால் முதலில் போவது முனைதான். ஸ்க்ரூ டிரைவரில் எட்டு உள்ள செட்டை வாங்காமல் இரண்டே இரண்டு நல்லதாக வாங்குங்கள்: பிலிப்ஸில் 2-ஆம் நம்பர் ஒன்று, போஸிடிரைவில் 2-ஆம் நம்பர் ஒன்று. இரண்டும் நட்சத்திரத் தலைதானே என்று மாற்றிப் போடுவதால்தான் பாதி ஸ்க்ரூ தலை குழியாகிறது. ஸ்க்ரூ தலையைப் பாருங்கள்: பெரிய கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடு குறுக்காகப் போனால் அது போஸிடிரைவ். மரத்துக்கும் கதவுக் கீலுக்கும் கிடைக்கிற ஸ்க்ரூவில் அதை நிறையப் பார்க்கலாம்.

டிரில் பிட்டில் தங்க நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உண்மையான டைட்டானியம் நைட்ரைடு பூச்சு பிட்டின் ஆயுளைக் கூட்டும்தான், ஆனால் கீழே இருக்கிற எஃகு நல்லதாக இருந்தால் மட்டும். மட்டமான எஃகுக்குப் பூசினால் முலாம் பூசிய கவரிங் வளையல் கதைதான். ஒரு முறை சாணை பிடித்தால் நுனியில் அந்தப் பூச்சும் இருக்காது. சுவருக்கான பிட் வேறு விஷயம். அதன் நுனியில் ஒரு கார்பைடு துண்டைப் பற்றவைத்திருப்பார்கள். வெறும் செங்கல் சுவர் என்றால் மலிவு பிட் தாராளமாகப் போகும். ஜன்னலுக்கு மேலே இருக்கிற கான்கிரீட் லிண்டலில் திரைச்சீலைக் கம்பிக்குத் துளை போடும்போதுதான் சூடேறி அந்தத் துண்டு கழன்று உள்ளேயே தங்கிவிடும். பிறகு எந்த பிட்டும் அந்த ஓட்டையில் இறங்காது.

மின்சாரம், சுழல்வது, தூக்குவது

இந்த மூன்றிலும் தள்ளுபடி அட்டையைப் பார்க்கவே கூடாது என்பது என் கட்சி.

இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூன்று உருண்டைப் பின் உள்ள பெரிய பிளக், நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடுவதே. 2023-இல் லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது இன்வெர்ட்டருக்கும் ஜெனரேட்டருக்கும் என்று ஆளாளுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கினோம். அதில் நானும் ஏமாந்தேன். தடிமனாகத் தெரிந்த வயர், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அரை மணியில் பிளக் பக்கம் கருகல் வாசனை. வெட்டிப் பார்த்தால் தடிமன் எல்லாம் மேல் பிளாஸ்டிக்தான். உள்ளே இருந்த மெல்லிய இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம்!

கணக்கு சுலபம். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் கெட்டில் 13. இரண்டையும் ஒரே மல்டிபிளக்கில் செருகினால் 16 ஆம்பியர் எல்லை தாண்டியது. ஆகவே வயர் மேல் 1.5 சதுர மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், கையில் கனமும் இருக்க வேண்டும். ரீலில் சுற்றிய வயர் என்றால் பெரிய லோடு போடும்போது முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். சுருளாகவே இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும்.

மல்டிமீட்டர் மலிவில் வாங்கலாமா என்று கேட்பார்கள். கார் பேட்டரி, டார்ச் செல் பார்க்க வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு டிபி பெட்டிக்குள், அதாவது மெயின் சுவிட்ச் இருக்கிற பெட்டிக்குள், அதை நுழைக்காதீர்கள். அங்கே வேண்டியது கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரமும் உள்ளே ஒழுங்கான ஃபியூஸும் உள்ள மீட்டர். மின்சார வேலைக்கான ஸ்க்ரூ டிரைவரிலும் அப்படித்தான்: ரப்பர் பிடி போட்டதெல்லாம் காப்பு ஆகாது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் சேர்ந்து இருக்க வேண்டும்.

இரும்பு வெட்டும் ஆங்கிள் கிரைண்டர் மெஷினை மலிவில் வாங்கினால்கூட ஓரளவு மன்னிக்கலாம். மேல்மூடி கெட்டியாக நிற்கிறதா, சுவிட்ச் விட்டதும் அணைகிறதா என்று பார்த்தால் போதும். டிஸ்க்கில் விளையாடக் கூடாது. 115 மி.மீ. வெட்டு டிஸ்க்கில் நிமிஷத்துக்கு 13,300 சுற்று வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். மெஷின் சுமார் 11,000-க்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் ஒரு துண்டு தெறித்தால் முகம்தான் முன்னால் இருக்கிறது. நடுவில் உள்ள உலோக வளையத்தைப் பாருங்கள், மாதமும் வருடமும் குத்தியிருக்கும். டிஸ்க்குக்கும் காலாவதி உண்டு. அதன் பிசின் ஈரம் குடித்துப் பலம் இழக்கும், டர்பனின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். தள்ளுபடிக் கூடையில் கிடப்பது பெரும்பாலும் தேதி முடியப்போகிற சரக்கு. கீழே விழுந்த டிஸ்க் என்றால் தேதி இருந்தாலும் குப்பைதான்.

ஜாக்கி, ஏணி பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. நல்லதாக வாங்குங்கள். எவ்வளவு நல்ல ஜாக்கியானாலும் ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

பேட்டரி டிரில் பற்றி ஒரு வார்த்தை. '20 வோல்ட்' என்று பெட்டியில் இருப்பதும் இன்னொரு கம்பெனியின் '18 வோல்ட்' என்பதும் பெரும்பாலும் ஒரே ஐந்து செல் அடுக்குதான். முழுச் சார்ஜில் அளந்தால் 20, சாதாரணமாக 18. எனவே எண்ணை விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து இதே பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெயர் தெரியாத கம்பெனியில் கிடைக்காது. நல்ல டிரில் பேட்டரிக்காகக் குப்பைக்குப் போகும். வருடத்துக்கு நாலு துளை போடுகிறவருக்கு வயர் வைத்த சாதாரண டிரிலே போதும்.

பில்

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கல்லாவுக்கு மேலே பலகை தொங்கும். அதைப் படித்துவிட்டு உடைந்ததை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். இந்த நாட்டில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருள் குறையுள்ளது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பணமா, வேறு பொருளா, பழுது பார்ப்பதா என்று சொல்கிற உரிமை வாங்கியவருக்கு. பலகை அதை மாற்றாது. நாமே தவறாகப் பயன்படுத்தி உடைத்தால் செல்லாது, மனசு மாறிவிட்டது என்றாலும் செல்லாது. சட்டம் இருந்தாலும் கையில் பில் வேண்டும். இங்கே கிடைக்கிற வழவழப்பான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். கடை வாசலிலேயே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். என் நீலப் பெட்டிக்குள் பில் இன்னும் இருக்கிறது, சுத்தமான வெள்ளைக் காகிதமாக.

நல்லது வாங்கக் காசு போதாது என்றால் மலிவுக்கு இறங்குவதைத் தவிர இன்னொரு வழி உண்டு. அடகுக் கடையிலும் பழைய சாமான் சந்தையிலும் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களின் பெட்டிகள் அவ்வப்போது வரும். மேல் துரு பரவாயில்லை, எண்ணெயும் கம்பி பிரஷும் போட்டால் போய்விடும். ஸ்பேனரின் வாய் விரிந்திருக்கிறதா, ராட்செட் பல் தாவுகிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள், இந்தக் கடல் காற்றுக்கு அது அவசியம். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும்.

போன மாதம் அப்படி ஒரு பெட்டியில் 13, 17 இரண்டு கெடோர் ரிங் ஸ்பேனர் கிடைத்தது. மாமாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்தொன்பது இருந்துச்சா தம்பி?" என்றார். அவருடையதை யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லையாம்.