இரைக்கு வாங்கிய மாந்தேலியைப் பொரிப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கொழுந்தனுக்கு வீட்டில் கால் தரிக்காது. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மும்பையின் பாந்திரா கடற்கரைப் பாறைக்குப் போய்விடுவான். போன நவம்பரில் ஒரு நாள், விடியற்காலை போனவன் மதியம் வெறுங்கையோடு திரும்பினான். மீன்தான் இல்லை, இரை மிச்சம் இருந்தது. வெட்டிய மாந்தேலித் துண்டுகள் (நெத்திலி மாதிரிப் பொடிமீன் அது) ஒரு பையில், வெயிலில் கிடந்து நாறிப்போய். இன்னும் அரைக் கிலோ, தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் போட்டபடி, முழுசாக, கை படாமல்.

"மயினி, இதைக் கீழே பூனைக்குப் போட்டுரட்டா?"

வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போடச் சொன்னேன். பெட்டியில் இருந்ததை வாங்கிச் சட்டியில் கொட்டினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தட்டில் வந்ததைத் தின்றுவிட்டு அவன் கேட்டான்: "இதையா நான் நாலு வருஷமா கடல்ல தூக்கிப் போட்டேன்?"

நாகர்கோவில் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அங்கே சாளையை நறுக்கித் தூண்டில் முள்ளில் கோப்பார்கள், அதே சாளைதான் மத்தியானச் சோற்றுக்கும் வரும். லட்சத்தீவின் மினிக்காயில் சூரை பிடிக்கிறவர்கள் உயிரோடு இருக்கும் பொடிமீன்களைக் கடலில் வீசுவார்கள். அவற்றைத் தின்ன மேலே கூடும் சூரையைத் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் படகுக்குள் இழுத்துப் போடுவார்கள். பெரிய மீன் உயிரைக் கொடுத்துத் தின்ன வருகிற ருசி அது. நாம் மட்டும் வாவல், வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சோடு கோழிக்கடைக்குப் போகிறோம்.

மீன் சமைத்தே பழக்கம் இல்லாதவர்கள் பொடிமீனில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். துண்டு போடத் தெரிய வேண்டாம், பெரிய கத்தி வேண்டாம், கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. மும்பையில் இருந்துகொண்டு எதை வாங்கி, எப்படிச் சமைப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதை வாங்குவது

நம் ஊர் நெத்திலி (எங்கள் பக்கம் நெத்தோலி) இங்கே எல்லா நாளும் கண்ணில் படாது. அதற்குப் பதில் மாந்தேலி இருக்கிறது. அதுவும் நெத்திலிக் குடும்பம்தான். சுமார் ஒரு சாண் நீளம், தலைப்பக்கம் அகலமாகத் தொடங்கி வால் பக்கம் நூல் மாதிரி மெலிந்து போகும். உடம்பில் பொன் நிறம் மினுங்கும், வயிற்றோரம் வரிசையாகப் புள்ளி வைத்தது போல இருக்கும். ஒரு முறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

அடுத்தது தார்லி. நம் சாளை, அதாவது மத்தி. இதைவிடவும் பொடியாக, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் குவியலாகக் கிடப்பது ஜவ்ளா. அது மீன் இல்லை, சென்னாக்குன்னி மாதிரிப் பொடி இறால். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பொடிமீனை இங்கே பெரும்பாலும் எடை போட மாட்டார்கள். குவியல் குவியலாக வைத்திருப்பார்கள், ஒரு குவியலுக்கு 'வாட்டா' என்று பெயர். விற்கிற கோலி அம்மாவை (கோலி என்பது இந்த ஊர் மீனவச் சமூகம்) 'மாவ்ஷி', அதாவது சித்தி, என்று கூப்பிட்டு, "வாட்டா கித்தீலா?" (குவியல் என்ன விலை?) என்று கேட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பேரம். அதில் நான் இன்றுவரை ஜெயித்ததில்லை.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மகாராஷ்டிரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த இரண்டு மாதமும் பச்சை மீன் குறைவு, விலையும் கூடுதல். அப்போது கருவாட்டு மாந்தேலியும் காய்ந்த ஜவ்ளாவும்தான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: நல்ல மீனா என்று பார்ப்பது

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெரிய மீனைவிடப் பொடிமீன் சீக்கிரம் கெடும். குடலோடு கிடப்பதால் வயிற்றிலிருந்துதான் முதலில் அழுகத் தொடங்கும். அதனால் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைப் பாருங்கள். நாலைந்து மீனுக்கு வயிறு வெடித்திருந்தால் அந்த வாட்டாவே வேண்டாம். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், முகர்ந்தால் கடல் வாசம் அடிக்க வேண்டும். புளித்த வாடையோ அமோனியா நெடியோ வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கொழுந்தனின் வெட்டிய இரையை ஏன் தூக்கிப் போடச் சொன்னேன் என்றால், சாளை, நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி) போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் பாக்டீரியாவால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். பலர் இதை 'மீன் அலர்ஜி' என்று நினைத்துக்கொண்டு பிறகு மீனையே தொட மாட்டார்கள். பாவம், தப்பு மீன்மேல் இல்லை, வெயில்மேல்.

அதே காரணத்துக்காக, தூண்டில் சாமான் கடையில் இரை என்று விற்கும் உறைந்த மீனைச் சமைக்காதீர்கள். அதைத் தின்னும் பொருளாக யாரும் பாதுகாத்து வைத்திருக்க மாட்டார்கள். இரைக்கும் சரி, சட்டிக்கும் சரி, மீன் சந்தையிலேயே வாங்குங்கள், வீடு வரை ஐஸ் போட்டே கொண்டு வாருங்கள். மாஹிம் கழிமுகம், மித்தி ஆறு பக்கம் யாராவது பிடித்த மீனை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நகரத்துச் சாக்கடையெல்லாம் சேரும் தண்ணீர் அது.

மூன்றாம் படி: சுத்தம் செய்வது

மீனை விட்டு ஆட்களை ஓட வைப்பது இந்த வேலைதான். அரைக் கிலோ மாந்தேலியில் முப்பது, நாற்பது மீன் இருக்கும். முதல் முறை முக்கால் மணி நேரம் ஆகும். நாலாவது முறை இருபது நிமிடத்தில் முடிப்பீர்கள். ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அரிவாள்மனை வேண்டாம், சமையல் கத்தரிக்கோல் போதும். மீனைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, வாலிலிருந்து தலை நோக்கி விரலால் தேய்த்தாலே செதில் உதிர்ந்துவிடும். அப்புறம் செவுளுக்குப் பின்னால் கத்தரியை வைத்து, நேராக வெட்டாமல் வயிற்றுப் பக்கம் சாய்த்து ஒரே வெட்டு. தலையோடு குடலும் வந்துவிடும். வராவிட்டால் சுண்டுவிரலால் வழித்து எடுங்கள். மாந்தேலியின் வயிற்று விளிம்பு ரம்பம் மாதிரி சொரசொரவென்று இருக்கும், அதை ஒரு நூல் அளவு நறுக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் பொரித்தால் தின்னும்போது நாக்கில் கீறும். முதல் முறை நான் விட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், நூலாகப் போகும் வால் நுனியில் ஒரு விரற்கடை நறுக்கிவிடுங்கள்.

நெத்திலி கிடைத்தால் கத்தரிகூட வேண்டாம். தலையைக் கிள்ளி இழுத்தால் குடல் பின்னாலேயே வரும். சாளைக்கு வயிற்றைக் கீறி, உள்ளே இருக்கும் கறுப்புத் தோலை விரலால் தேய்த்து எடுக்க வேண்டும். அதுதான் கசக்கும்.

கழுவுவதற்கு எங்கள் ஊரில் மண்சட்டியில் போட்டுக் கல்லுப்போடு உரசுவார்கள். சட்டியின் சொரசொரப்பே பாதி வேலையைப் பார்த்துவிடும். இங்கே ஸ்டீல் பாத்திரம்தான் என்றால், ஒரு கைப்பிடி கல்லுப்பும் அரை ஸ்பூன் மஞ்சள்தூளும் போட்டு மெதுவாகப் புரட்டி, தண்ணீர் தெளியும் வரை மூன்று, நான்கு முறை அலசுங்கள். பிறகு வடிதட்டில் பத்து நிமிடம்.

கழிவைத் தாளில் சுற்றி, பையில் கட்டி, ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். குப்பைக்காரர் வரும் நேரத்தில் எடுத்துப் போடலாம். சைவக் குடும்பங்கள் நிறைய இருக்கும் கட்டடத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இது சமையலைவிட முக்கியம்.

நான்காம் படி: பொரிப்பது

சுத்தம் செய்த மீனைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெயின் சூடு இறங்கி, மீன் பொரியாமல் வெந்து தொளதொளவென்று ஆகிவிடும்.

அரைக் கிலோ வாங்கிய மீனுக்கு இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் மஞ்சள், ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல். தண்ணீர் சேர்க்காமல் பிசறி இருபது நிமிடம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பொடிமீன் சதை மெல்லியது, புளிப்பில் ஊறிக் குழைந்துவிடும்.

மேல்மாவு இந்த ஊர் முறைப்படி: மூன்று டேபிள்ஸ்பூன் அரிசிமாவு, இரண்டு டேபிள்ஸ்பூன் ரவை, ஒரு சிட்டிகை உப்பு. நான் இருக்கும் சயான் கோலிவாடா, இறால் கோலிவாடா என்ற வறுவலால் பேர் பெற்ற இடம். பிரிவினைக்குப் பின் இங்கே குடியேறிய பஞ்சாபிகள் கடையில் பிறந்தது அது. அதற்குக் கடலைமாவு சரி. மாந்தேலிக்குக் கடலைமாவு போட்டால் பஜ்ஜி தின்ற மாதிரி இருக்கும், மீன் எங்கே என்று தேட வேண்டும்.

தட்டையான தவாவில் அரை அங்குலம் கடலை எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் சடசடவென்று பொரிய வேண்டும், அதுதான் சூடு. மீனை மாவில் புரட்டி, உதறி, ஒன்றோடொன்று ஒட்டாமல் எட்டு எட்டாகப் போடுங்கள். போட்டதும் கரண்டியால் கிளறக் கூடாது. இரண்டு நிமிடம் தொடாமல் இருந்தால் அடிப்பக்கம் இறுகித் தானாக விட்டுக்கொடுக்கும். திருப்பி இன்னும் இரண்டு நிமிடம். சத்தம் அடங்கி, நுரை குறைந்தால் எடுத்துவிடலாம். காகிதத்தில் போடுவதைவிடக் கம்பிச் சல்லடையில் போட்டால் மொறுமொறுப்பு நிற்கும்.

சூடாகவே தின்ன வேண்டும். முள்ளை எடுக்க வேண்டாம், வாலைப் பிடித்து முழுசாகக் கடியுங்கள். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. நடுமுள் நெருடினால் இன்னும் ஒரு நிமிடம் பொரிய வேண்டும் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டாகப் பிளந்து நடுமுள்ளை உருவிக் கொடுங்கள்.

பொரித்தது வேண்டாம் என்பவர்களுக்கு அவியல்

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது இதுதான். மீன் அவியல் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் முழிப்பார்கள், குமரி மாவட்டத்தில் முழிக்க மாட்டார்கள்.

அரை மூடித் தேங்காய்த் துருவல், ஆறேழு சின்ன வெங்காயம், நாலு பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, அரை டீஸ்பூன் சீரகம், அரை டீஸ்பூன் மஞ்சள். இவற்றை மிக்ஸியில் இரண்டு சுற்று ஒதுக்கினால் போதும், சட்னி மாதிரி அரைக்கக் கூடாது. அகலமான சட்டியில் அரைக் கிலோ சாளையோ மாந்தேலியோ போட்டு, இந்தத் தேங்காய், உப்பு, நறுக்கிய பாதி மாங்காய், அரை டம்ளர் தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசறுங்கள். மாங்காய் இல்லாத மாதங்களில் ஆம்சூல் (புளிப்புக்குப் போடும் காய்ந்த கோகம் தோல்) என்று கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் கொடுப்பார்கள், நாலு துண்டு போதும். மூடி வைத்துச் சிறு தீயில் மாந்தேலிக்கு எட்டு நிமிடம், சாளைக்குப் பன்னிரண்டு. நடுவில் கரண்டி போடவே கூடாது, மீன் உடைந்துவிடும். சட்டியின் காதைப் பிடித்து இரண்டு முறை சுழற்றிவிட்டால் சரி. தண்ணீர் வற்றியதும் ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போட்டு, மூடி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

சோற்றுக்கும் சரிதான். மலையாளிக் கடையில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கிடைத்தால் அவித்து வைத்துக்கொண்டு என்னை நினையுங்கள்.

மிச்சமான பொரித்த மீனை மறுநாள் சூடாக்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், புளிக்குழம்பு கொதிக்கும்போது கடைசியில் போட்டு இறக்குங்கள். சுத்தம் செய்த பச்சை மீனை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் டப்பாவில் மீன் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் உறைய வைப்பதுதான் வழி.

வெட்டிப் போட்ட தலைகளை எங்கள் வீட்டில் இப்போது குப்பைக்கு அனுப்புவதில்லை. தனி டப்பாவில், மூடியில் 'இரை' என்று எழுதி ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி கொழுந்தன் வந்து எடுத்துக்கொண்டு போகிறான்.