பிள்ளையின் எடைக்குத் திட்டமா? சேர்க்கும் முன் இதைக் கேளுங்கள்

பிள்ளையின் உடல் பருமனுக்கு ஏதாவது திட்டத்தில் சேர்க்கலாம் என்று நினைத்தால், முதலில் மொத்தம் எத்தனை மணி நேரம் நேரில் உட்கார்ந்து ஆலோசனையும் பயிற்சியும் தருவார்கள் என்று கேளுங்கள். 3 முதல் 12 மாதங்களுக்குள் 26 மணி நேரமாவது வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2023 வழிகாட்டுதல். மாதம் ஒருமுறை எடை பார்த்து அனுப்பிவிடுவது போதாது. அப்புறம், பெற்றோரையும் சேர்த்துக்கொள்கிறார்களா? பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு, தனி விதி என்றால் அது தண்டனை மாதிரிதான் (வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்றாலே பாதிச் சண்டை குறையும்). வளரும் வயதில் எடை கூடாமல் அப்படியே நின்றாலும் உயரம் கூடக்கூட பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைப் பார்க்கும் அளவு) இறங்கும், அதனால் தராசு முள் நகரவில்லையே என்று பதற வேண்டாம். ஒரே மாதத்தில் 10 கிலோ குறைப்போம் என்கிறார்களா, வாசலோடு திரும்பிவிடுங்கள்.