வைனில் விண்டோஸ் நிரல் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? முதலில் லாக்கைப் படியுங்கள்

லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள் வைன். அதில் ஒரு நிரலின் ஐகானை இருமுறை கிளிக் செய்தால் ஜன்னல் மின்னி மறைகிறது. உடனே வைனை அழித்து மறுபடி நிறுவுவதுதான் பலருடைய வழக்கம். அதில் பயன் குறைவு. நிரலும் அமைப்புகளும் இருப்பது ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் .வைன் என்ற ப்ரீஃபிக்ஸில் (நிரல்களுக்கு விண்டோஸ் வட்டு போலத் தெரியும் கோப்புறை). வைனை நீக்கினாலும் அது அப்படியே கிடக்கும்.

படி 1: புது ப்ரீஃபிக்ஸ்

வைன்ப்ரீஃபிக்ஸ் என்ற சூழல் மாறியில் (டெர்மினலில் கட்டளைக்கு முன் கொடுக்கும் மதிப்பு; ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்து) ஒரு புதுக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுத்து, வைனின் அமைப்புக் கருவியான வைன்சிஎஃப்ஜியை இயக்குங்கள். கோப்புறை தானாக உருவாகும். நிரலை அதற்குள் நிறுவிப் பாருங்கள். இங்கே ஓடினால் பழைய ப்ரீஃபிக்ஸ்தான் கெட்டிருக்கிறது.

நிர்வாகி உரிமை தரும் சுடோ கட்டளை போட்டு வைனை இயக்கவே கூடாது. கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயருக்குப் போய்விடும். அடுத்த முறை "இந்தக் கோப்புறை உங்களுடையது அல்ல" என்று வைன் மறுத்துவிடும்.

படி 2: லாக் எடுத்தல்

டெர்மினலில் சிடி கட்டளையால் நிரலின் கோப்புறைக்குள் போய், அங்கிருந்து வைன் மூலம் இயக்குங்கள். சில நிரல்கள் தங்கள் கோப்புகளை நடப்புக் கோப்புறையில்தான் தேடும். லாக்கைச் (வைன் எழுதும் செய்திகளின் பதிவு) சேமிக்க வெறும் > போட்டால் கோப்பு பெரும்பாலும் காலியாகவே இருக்கும், ஏனென்றால் வைனின் செய்திகள் பிழை வெளியீட்டில் வருகின்றன. 2> போடுங்கள்.

ஃபிக்ஸ்மீ என்ற சொல் உள்ள வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும். வைனில் இன்னும் முழுமையாக எழுதப்படாத பகுதி என்றுதான் பொருள். நன்றாக ஓடும் நிரலிலும் வரும். முதலில் தேட வேண்டியது எர்ர் (பிழை) வரிகளை.

படி 3: காணாமல்போன டிஎல்எல் (நிரலுக்குத் தேவையான நூலகக் கோப்பு)

இம்போர்ட்_டிஎல்எல் என்ற சொல்லோடு, எம்எஃப்சி140யு.டிஎல்எல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்தால் வேலை சுலபம். எம்எஃப்சி என்ற மைக்ரோசாஃப்ட் நூலகங்கள் வைனோடு வருவதில்லை. இத்தகைய நூலகங்களை நிறுவித் தரும் வைன்ட்ரிக்ஸ் என்ற கருவியில் விசிரன்2022 நிறுவினால் அது வந்துவிடும். எம்எஃப்சி42 கேட்கும் பழைய நிரலுக்கு அதே பெயரில் தனி உருப்படி உண்டு.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு: வைன்ட்ரிக்ஸை இயக்கும்போது வைன்ப்ரீஃபிக்ஸைக் குறிப்பிட மறப்பது. நூலகம் பழைய .வைனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், நிரல் அதே பிழையைக் காட்டும். டிஎல்எல்லை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடும் பழக்கமும் வேண்டாம். 32 பிட் நிரலுக்கு 64 பிட் கோப்பு பொருந்தாது. தவிர, அந்தக் கோப்பில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

படி 4: பேஜ் ஃபால்ட்

சி0000005 என்ற எண் வந்தால் நிரல் தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. பேக்ட்ரேஸில் (நிரல் விழும்போது நடந்துகொண்டிருந்த அழைப்புகளின் பட்டியல்) => குறி உள்ள வரியையும் அதற்கடுத்த சில வரிகளையும் பாருங்கள். டி3டி9, வைன்டி3டி போன்ற பெயர்கள் இருந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் பக்கம். வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தைச் சோதிக்கும் வல்கன்இன்ஃபோவை இயக்குங்கள். உங்கள் கார்டின் பெயர் வந்தால் வைன்ட்ரிக்ஸில் டிஎக்ஸ்விகே போட்டுப் பார்க்கலாம். டைரக்ட்3டி 9, 10, 11 அழைப்புகளை அது வல்கனுக்கு மாற்றித் தரும். எல்எல்விஎம்பைப் (கார்டு இல்லாமல் சிபியுவிலேயே வரையும் மென்பொருள்) மட்டும் வந்தால் கார்டின் வல்கன் டிரைவர் இல்லை. முதலில் அதை நிறுவுங்கள். திரையின் அளவை மாற்ற முயலும்போது விழும் பழைய விளையாட்டுகளுக்கு, வைன்சிஎஃப்ஜியின் கிராபிக்ஸ் தாவலில் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை இயக்கினாலே பல நேரம் போதும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பிறகு வைன்சர்வர் -கே கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி இயக்குங்கள். இதற்கும் அந்த ப்ரீஃபிக்ஸைக் குறிப்பிட வேண்டும்.

விண்டோஸ் கர்னல் டிரைவரை நம்பும் ஆன்டி-சீட் (விளையாட்டில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்), சில யுஎஸ்பி டாங்கிள் பூட்டுகள் (உரிமத்தைச் சரிபார்க்கும் சாவி) ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் எதுவும் உதவாது. அவற்றுக்கு விண்டோஸ்தான் வேண்டும்.