சாய்தளத்தில் தானாக மேலேறும் பெட்டி

பதினோராம் வகுப்பு விடைத்தாள்களில் ஆண்டுதோறும் ஒரு பெட்டியைப் பார்க்கிறேன். 10 கிலோகிராம் நிறை. 25° சாய்தளத்தில் யாரும் தொடாமல் வைக்கப்பட்டிருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. மாணவர் எடையை 98 நியூட்டன் என்று சரியாகவே எழுதுகிறார். தளத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கூறு 98 × சைன் 25°, அதாவது 41.4 நியூட்டன். உராய்வு 0.5 × 98 × கொசைன் 25°, அதாவது 44.4 நியூட்டன். கழித்தால் மேல்நோக்கி 3 நியூட்டன். நிறையால் வகுத்து, முடுக்கம் 0.3 மீ/வி² என்று எழுதி அடிக்கோடும் இட்டுவிடுகிறார். பெட்டி தானாகவே மேட்டில் ஏறத் தொடங்குகிறது!

பெருக்கலிலும் கழித்தலிலும் பிழையே இல்லை. உராய்வைப் பற்றிய எண்ணத்தில்தான் பிழை. 44.4 என்பது அங்கே செயல்படும் உராய்வு அல்ல. அந்தப் பரப்பால் தரக்கூடிய உராய்வின் உச்ச வரம்பு. ஓய்வுநிலை உராய்வு தேவைக்கேற்ப எழும். தேவைக்கு மேல் ஒரு துளியும் எழாது. இங்கே பெட்டியை நிறுத்திவைக்க 41.4 நியூட்டன் போதும். ஆகவே உராய்வு 41.4, முடுக்கம் சுழி. முடுக்கத்தைத் தேடுவதற்கு முன் பெட்டி சறுக்குமா என்று கேளுங்கள். சாய்கோணத்தின் டேன் மதிப்பை ஓய்வுநிலை உராய்வுக் குணகத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். டேன் 25° என்பது 0.466, 0.5-ஐ விடக் குறைவு, சறுக்காது. 30° என்றால் 0.577, சறுக்கும். சறுக்கத் தொடங்கியதும் ஓய்வுநிலைக் குணகத்தை விட்டுவிட்டு இயக்க உராய்வுக் குணகத்தை எடுக்க வேண்டும். அது 0.3 என்றால் 30° சரிவில் முடுக்கம் 2.35 மீ/வி².

அடுத்த தவறும் உராய்வில்தான். கீழே சறுக்கும் பெட்டியைப் பலமுறை வரைந்து பழகியதால், ‘உராய்வு எப்போதும் தளத்தின் மேல்நோக்கி’ என்று கை தானாக அம்புக்குறி போட்டுவிடுகிறது. அதே 30° சரிவில் பெட்டியை மேல்நோக்கி 6 மீ/வி வேகத்தில் தள்ளிவிடுங்கள். ஏறும்போது உராய்வு கீழ்நோக்கித்தான் இருக்கும். ஈர்ப்பின் கூறும் உராய்வும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ள, எதிர்முடுக்கம் 7.45 மீ/வி² ஆகிறது. பெட்டி 2.4 மீட்டர் ஏறி நின்று, மீண்டும் 2.35 முடுக்கத்தோடு இறங்குகிறது. ஏற 0.8 வினாடி, இறங்க 1.4 வினாடி. புறப்பட்ட இடத்துக்கு வரும்போது வேகம் 3.4 மீ/வி மட்டுமே. ஒரே முடுக்கத்தை இரண்டு பயணத்துக்கும் போட்டவர்களுக்கு இவற்றில் ஒரு விடையும் கிடைக்காது. இயக்கம் எந்தப் பக்கம் என்று முதலில் படத்தில் ஓர் அம்பு போடுங்கள். உராய்வின் அம்பை அதற்கு எதிராக வரையுங்கள்.

செங்குத்து எதிர்விசைக்கு, அதாவது தளம் தனக்குச் செங்குத்தாகப் பெட்டியைத் தள்ளும் விசைக்கு வருகிறேன். இங்கேதான் மனப்பாடம் அதிகம் கெடுக்கிறது. ‘எடை × கொசைன் கோணம்’ என்று எழுதிப் பழகியவர்கள் அதை ஒரு விதி என்றே நம்பிவிடுகிறார்கள். அது விதியல்ல, ஒரு குறிப்பிட்ட நிலைமையின் விடை. 30° சரிவில் உள்ள நம் பெட்டியைக் கிடைமட்டமாக 50 நியூட்டன் விசையால் சரிவை நோக்கித் தள்ளினால், அந்த விசையின் ஒரு கூறு பெட்டியைத் தளத்தோடு அழுத்துகிறது. எதிர்விசை 84.9 அல்ல, 25 கூடி ஏறக்குறைய 110 நியூட்டன். உராய்வின் உச்ச வரம்பும் அதற்கேற்ப உயரும்.

வெளிப்புறம் உயர்த்திக் கட்டிய வளைவுச் சாலையில் இந்த மனப்பாடம் முழுவதுமாக உடைகிறது. உராய்வே இல்லாத 30° சரிவில் கார் சரியான வேகத்தில் வளைந்தால், எதிர்விசை எடையின் 0.87 மடங்கு அல்ல, 1.15 மடங்கு. இரண்டும் ஒரே சாய்வுதானே என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முடுக்கத்தின் திசை வேறு. பெட்டி தளத்தின் வழியே முடுக்கம் பெறுகிறது. தளத்துக்குச் செங்குத்தாக முடுக்கம் இல்லை, அந்தத் திசையில் விசைகள் சமனாகின்றன. கார் வளைவின் மையத்தை நோக்கிக் கிடைமட்டமாக முடுக்கம் பெறுகிறது. ஆகவே மேல்கீழ்த் திசையில்தான் சமன். முடுக்கம் எந்தத் திசையில் என்று பார்த்துவிட்டு அச்சுகளை வரையுங்கள். எதிர்விசையைச் சமன்பாட்டிலிருந்து வரவழையுங்கள்.

சைன், கொசைன் மாறிப்போகும் குழப்பத்துக்கு ஒரே சோதனை போதும்: கோணத்தைச் சுழியாக்குங்கள். தட்டையான தரையில் பெட்டி சறுக்கக் கூடாது. உங்கள் சூத்திரத்தில் சறுக்கினால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. எடையையும் அதன் இரு கூறுகளையும் ஒரே விசைப்படத்தில் சேர்த்து வரைந்தால் ஒரே விசை இருமுறை எண்ணப்படும். கணிப்பான் பாகைக்குப் பதிலாக ரேடியன் என்ற கோண அலகில் இருந்தால் சைன் 30 என்பது குறை எண்ணாக வரும். அதைக் கண்ட உடனே நிறுத்துங்கள்.

சரிவு விகிதத்தைக் கோணமாகப் படிப்பதும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் கடுமையான சரிவு ஏறக்குறைய 12-க்கு 1, அதாவது 8.3 சதவீதம். கோணம் 8.3° அல்ல, 4.8° மட்டுமே. மாற்றிப் படித்தால் இழுவிசை முக்கால் மடங்கு கூடிப்போகும். இந்தச் சிறு கோணத்துக்கே தண்டவாளங்களின் நடுவே பற்சட்டமும் எஞ்சினில் பற்சக்கரமும் தேவைப்பட்டன என்பதை நினைத்தால், நிஜ உலகில் 30° எவ்வளவு செங்குத்தானது என்பது புரியும்.

இன்னொன்று, உருளும் குண்டு. கலிலியோ சாய்தளத்தில் உருட்டியது வெண்கலக் குண்டு. பன்னிரண்டு முழ நீள மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, வழியும் நீரை நிறுத்து நேரத்தை அளந்ததாக 1638-இல் வெளிவந்த நூலில் எழுதினார். உருளும் பொருளின் முடுக்கம் சறுக்கும் பொருளின் முடுக்கம் அல்ல. ஈர்ப்பு விசை செய்யும் வேலையில் ஒரு பங்கு குண்டைச் சுழற்றுவதற்கே போய்விடுகிறது. பள்ளமில்லாத 30° பலகையில் உராய்வின்றிச் சறுக்கும் பெட்டிக்கு 4.9 மீ/வி² கிடைக்கும். நழுவாமல் உருளும் திண்மக் கோளத்துக்கு அதில் ஏழில் ஐந்து பங்குதான், 3.5. ஆய்வகத்தில் குண்டை உருட்டி 3.5 பெற்ற மாணவி ஒருத்தி, நிறுத்துக்கடிகாரம் பழுது என்று எண்ணி எல்லா அளவீடுகளையும் அடித்துவிட்டு 4.9 என்று திருத்தி எழுதினாள். அவள் அடித்த எண்கள்தான் சரியானவை.