பழைய ஃபோர் வீல் வண்டி: முதலில் முன் ஆக்சிலைப் பாருங்கள்

பழைய ஃபோர் வீல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முன் ஆக்சிலுக்கும், என்ஜின் இழுவையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும்தான். என்ஜின் சத்தத்தையும் பெயின்டையும் மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, முன் சக்கரம் இழுக்கவில்லை என்பதை கிருஷ்ணகிரி மாவட்ட அஞ்செட்டிச் சேற்றில் சிக்கித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

வண்டிக்கு அடியில் படுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்க வேண்டும். மைலேஜுக்காகவோ, கிராஸ் (ஷாஃப்ட் முனை மூட்டு) தேய்ந்து சத்தம் வந்ததாலோ முன் ஷாஃப்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபோர் வீல் போடும் லீவரை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். பொலிரோவில் பெரும்பாலானவை பின் சக்கர இழுவைதான். மஹிந்திரா தார் (Thar) வண்டியிலும் 2023 முதல் அந்த வகை வந்துவிட்டது.

அடுத்து ஜாக்கி சோதனை. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். சக்கர நடுவில் கையால் திருகும் ஹப் இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டிவிடுங்கள். லீவர் 2H-இல் (பின் சக்கர இழுவை மட்டும்) இருக்கும்போது சக்கரம் கையில் இலகுவாகச் சுற்ற வேண்டும். 4H-இல் (நான்கு சக்கர இழுவை) கொஞ்சம் ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். அப்போதும் சுற்றினால் முன் ஷாஃப்டைக் கவனியுங்கள்: அதுவும் சேர்ந்து சுற்றினால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸில், ஷாஃப்ட் நிற்க சக்கரம் மட்டும் சுற்றினால் ஹப்பிலோ ஆக்சிலிலோ. இறக்கும் முன் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சக்கரம் திரும்பும் கிங்பின்னோ பால் ஜாயின்டோ, அல்லது வீல் பேரிங்கோ போய்விட்டது. சுவிட்சில் மாறும் வண்டிகளுக்கும் ஹப் தானாகப் பூட்டும் வண்டிகளுக்கும் இந்தச் சோதனை ஒத்துவராது; மண்ணில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயோ மாந்தோப்பு மண் பாதையோ போதும். வண்டியை நிறுத்தி 4L (நான்கு சக்கர இழுவை, மெதுவான கியர்) போட்டு, முதல் கியரில் ஒரு சரிவில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்குங்கள். லீவர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ கியரோ தேய்ந்திருக்கிறது. வேறு பேச்சு வேண்டாம், வேறு வண்டி பாருங்கள்.

தார் ரோட்டில் 4H, 4L போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. முன் பின் வேக வித்தியாசத்தை ஏற்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் டயர் வழுக்கித்தான் தீர வேண்டும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது, எனவே முறுக்கு முழுவதும் கிராஸிலும் கியரிலும் ஏறுகிறது. நான்கு டயரும் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

முன், பின் ஆக்சில் இரண்டின் ஃபில்லர் பிளக்கையும் (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழற்றி விரலால் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்சில் தென்பெண்ணைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். ஆக்சிலின் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். குவாரியில் ஓடிய வண்டியென்றால் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். அங்கே தூசி இருந்தால் அது என்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது.

பேப்பர் விஷயத்தில் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். பழைய ஜீப்புகளில் என்ஜின் மாற்றியிருப்பது சகஜம், அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விற்பவர் படிவம் 29-இன் இரண்டு பிரதிகளிலும் படிவம் 30-இலும் கையெழுத்திட வேண்டும். லோன் இருந்திருந்தால் படிவம் 35-உம் பைனான்ஸ் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் கே.ஏ. வண்டிக்கு அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. எடுத்து, இங்கே சாலை வரி கட்டி, 12 மாதத்துக்குள் டி.என். எண் வாங்க வேண்டும். இந்த வரியைக் கூட்டிய பிறகு விலையைப் பேசுங்கள். சல்லிசு என்று தோன்றிய வண்டி அப்போது அப்படித் தெரியாது.

வாங்கிய வாரமே இரண்டு ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் எல்லா ஆயிலையும் மாற்றி, கிராஸ்களுக்கு கிரீஸ் அடியுங்கள். ஆக்சிலுக்குப் பெரும்பாலும் 80W-90. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு மேனுவலில் சொன்னது மட்டும். மாதம் ஒருமுறை மண் பாதையில் ஓரிரு கிலோமீட்டர் 4H-இல் ஓட்டினால் லீவர் இறுகாது, சீல்களும் காயாது.